நிரந்தரத்துக்கு மூன்று தோல்விகள்

தோல்வி ஒரு பெரும் பாக்கியம் என்று எங்கள் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது அறுபத்தெட்டாம் ஆண்டு தை மாதம். தீர்மானம் இலக்கம் பதினான்கு. தட்டெழுதியவன் நான். கார்பன் வைத்து ஆறு பிரதி.

சபை என்றால் தீவகக் கடவைச் சபை. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் மாடிக் கட்டடம். தீவுகளுக்கு லோஞ்சு விடுவது அதன் தொழில். அனலைதீவுக்கு லோஞ்சு ஓட்டுகிறவர் ஒரே ஒருவர், அவர் தற்காலிகம். ஒரு நாளும் லோஞ்சைத் தொடாத நாங்கள் பதினொரு பேரும் நிரந்தரம். என் பெயர் தம்பையா, ஊர் சுருவில், உத்தியோகம் இலிகிதர்.

தற்காலிகமாக இருந்த அந்த ஒருவர் தண்டயல் பஸ்ரியாம்பிள்ளை. ஊர்காவற்றுறைக்கும் அனலைதீவுக்கும் இடையில் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று பத்தொன்பது வருடம் சுக்கான் பிடித்தவர். ஒரு நாளாவது லோஞ்சைத் தரை தட்டவிட்டதில்லை. ஒரு சனத்தையாவது கடலுக்குக் கொடுத்ததில்லை. இது பெருமைக்குரிய விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பது வயது. அறிவு காணாது.

தீர்மானம் பதினான்கு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். அனலைதீவில் புது இறங்குதுறை கட்டுவதென்று முடிவாகி, எங்கள் பொறியியலாளர் மார்க்கண்டு கடலின் ஆழத்தை அளக்கப் போனார். போனது மார்கழியில். வாடைக்காலத்தில் எங்கள் பரவைக்கடலில் தண்ணீர் ஏறி நிற்கும். ஆனி ஆடியில் இறங்கிப்போய்ச் சேறு தெரியும். இது தீவிலுள்ள கோழிக்கும் தெரியும். மார்க்கண்டருக்குத் தெரியாது. லோஞ்சை நிறுத்திக்கொண்டிருந்த பஸ்ரியாம்பிள்ளை பொறுக்கமாட்டாமல் சொன்னார்:

“ஐயா, இது மார்கழித் தண்ணி. ஆனியிலையும் ஒருக்கா வந்து அளந்து பாத்திட்டுக் கட்டுங்கோ.”

“நீர் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?”

“மூண்டு, ஐயா.”

“நான் இங்கிலாந்திலை படிச்சனான்.”

“அங்கை தண்ணி இறங்கிறேல்லையோ, ஐயா?”

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மார்க்கண்டர் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பஸ்ரியாம்பிள்ளையின் சேவைக் கோவையில் ‘வாய்க்கொழுப்பு’ என்று எழுதுவித்தார். எழுதியவன் நான்.

அடுத்த மார்கழியில் மேளதாளத்தோடு இறங்குதுறையைத் திறந்தார்கள். ஆனியில் லோஞ்சு அதற்குக் கிட்டவே போக முடியவில்லை. இருநூறு யார் தூரத்துக்குச் சேறு. புகையிலைச் சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் முழங்காலளவு சேற்றில் இறங்கி நடந்தார்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நாலு பேர் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

எங்கள் தலைவர் பரராசசிங்கம் ஒரு கிழமை சாப்பிடவில்லை. பிறகு கொழும்பில் ஏதோ கருத்தரங்கு என்று போனார். போகும்போது செத்த முகம், வரும்போது மாப்பிள்ளை முகம். அங்கே ஒரு வெளிநாட்டு நிபுணர் தோல்வியின் பெருமையைப் பற்றி மூன்று மணித்தியாலம் பேசினாராம். அந்த மனிதர் நல்லெண்ணத்தோடுதான் பேசியிருப்பார். விழாமல் நடக்கப் பழகின பிள்ளை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் தலைவர் அந்தப் பேச்சைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தது எந்தப் பிள்ளைக்காகவும் இல்லை. தை மாதக் கூட்டத்தில் எழும்பி நின்று இப்படிப் பேசினார்:

“கனவான்களே! அனலைதீவு இறங்குதுறை தோற்றுவிட்டது என்று குறுகிய மனம் படைத்த சிலர் சொல்கிறார்கள். நான் சொல்கிறேன், அது எமக்குக் கிடைத்த கலாசாலை! தோல்வியடையாத மனிதன் வளர்வதில்லை. தோல்வியடையாத சமுதாயம் முன்னேறுவதில்லை. அந்தச் சேற்றில் இறங்கி நடக்கும் ஒவ்வொரு தாயும் எமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறாள். நாம் கற்றுக்கொண்டே இருப்போம். அவர்கள் நடந்துகொண்டே இருக்கட்டும்!”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மார்க்கண்டர் பிரதம பொறியியலாளரானார். இறங்குதுறையின் முகப்பில் சலவைக்கல் பதித்தார்கள்: ‘இங்கே நாம் கற்றோம்.’

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பங்குனியில் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் சபையில் நியமனமோ, நிரந்தரமோ, பதவி உயர்வோ வேண்டுமானால், விண்ணப்பதாரி தன் கடமையில் அடைந்த மூன்று தோல்விகளையும், ஒவ்வொன்றிலும் கற்ற பாடத்தையும் தோ.1 என்ற படிவத்தில் எழுதி, மேலதிகாரியின் உறுதியோடு சமர்ப்பிக்க வேண்டும்.

பஸ்ரியாம்பிள்ளைக்கு வருகிற ஆடியில் ஐம்பத்தைந்து. அதற்குள் நிரந்தரமானால் அறுபது வரைக்கும் சுக்கான் பிடிக்கலாம், பிறகு பென்சன். ஆகாவிட்டால் வெறுங்கையோடு இறங்கவேண்டியதுதான். பத்தொன்பது வருடமாக ‘அடுத்த வருடம், அடுத்த வருடம்’ என்று சபை சொல்லிவந்த நிரந்தரம் அது. படிவத்தை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார்.

“தம்பி, நீரே எழுதும். எனக்கு எழுத்து வராது.”

“எப்பவாவது தரை தட்டினதோ, அண்ணை?”

“இல்லை.”

“இறங்குதுறையிலை கொண்டுபோய் இடிச்சதோ?”

“சீச்சீ.”

“ஆரும் தண்ணிக்குள்ளை விழுந்தவையோ?”

யோசித்தார். “ஒருக்கா ஒரு ஆடு விழுந்தது.”

எனக்கு நம்பிக்கை வந்தது. பேனையை எடுத்தேன். “செத்துப்போச்சோ?”

“ஏன் சாகுது? குதிச்சுத் தூக்கிப்போட்டனான். பிறகு இரண்டு குட்டி போட்டது.”

பேனையை வைத்தேன். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நான் எதை எழுதுவது?

மறுநாள் அவருடைய மனுசி ஞானசவுந்தரி ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவருடைய தோல்விகளைத் தானே எழுதி அனுப்பியிருந்தா. கலியாணத்துக்கு முதல் நாள் குடிவெறியில் கிணற்றுக்குள் விழுந்தது. பாட்டுப் பூசையில் பிழையாகப் பாடிச் சுவாமியார் நிற்பாட்டினது. வேலணையில் கறவைமாடு என்று நம்பிக் கிழட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு வரி: ‘இவ்வளவு காணாதெண்டால் சொல்லுங்கோ, இன்னும் எழுதுவன்.’ மார்க்கண்டர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். இவை சொந்தத் தோல்விகள், கடமைத் தோல்விகள் அல்ல.

இதற்குள் அதே பதவிக்கு இன்னொரு விண்ணப்பம் வந்து சேர்ந்தது. கதிர்காமு என்ற இருபத்தாறு வயதுப் பெடியன், தலைவரின் மனைவி வழியில் சொந்தம். வேறொரு தீவுக்கு நாலு மாதம் லோஞ்சு ஓட்டியிருந்தான். அந்த நாலு மாதத்தில் இரண்டு தரம் கல்லில் ஏற்றியிருக்கிறான். ஒரு தரம் கயிற்றை அவிழ்க்காமலே வெளிக்கிட்டு, இறங்குதுறைக் கட்டையையும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான். இன்னொரு நாள் மூடுபனியில் திசை மாறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து பயணிகளை இறக்கியிருக்கிறான். அவனுடைய படிவத்துக்கு மேலதிகமாக இரண்டு தாள் ஒட்டவேண்டியிருந்தது. தலைவர் அதை வாசித்துவிட்டுக் கண் கலங்கினார்.

“இந்த வயசிலை இவ்வளவோ!” என்றார்.

நேர்முகப் பரீட்சை சித்திரையில் நடந்தது. தலைவர், மார்க்கண்டர், மூன்றாவதாக ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். அதிபர் தொடக்கத்திலேயே நித்திரையாகிவிட்டார். குறிப்பெடுக்க நான். கதிர்காமு ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு வெளியே போனான். பஸ்ரியாம்பிள்ளை வெள்ளை வேட்டியோடு, கதிரையின் நுனியில் இருந்தார்.

“பத்தொன்பது வரியத்திலை ஒரு தோல்வியும் இல்லையோ?” என்று தலைவர் கேட்டார். களவு பிடிபட்டவனை விசாரிக்கிற குரல்.

“இல்லை, ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அப்ப நீர் ஒண்டும் படிக்கேல்லை.”

பஸ்ரியாம்பிள்ளை சொன்னார்: “படிச்சனான், ஐயா. என்ரை அப்பு யாக்கோப்பு, அவரும் தண்டயல்தான். எனக்குப் பதினாலு வயசு. ஒரு ஐப்பசி மாசம், மேற்கு கறுத்துக்கொண்டு வந்தது. ஆக்கள் வேண்டாம் எண்டவை. ‘அதுக்கிடையிலை போய்ச் சேந்திடலாம்’ எண்டு அப்பு வெளிக்கிட்டவர். மூண்டாம் நாள் மண்கும்பான் கரையிலை ஒதுங்கினவர். முகம் இல்லை. போட்டிருந்த சேட்டை வைச்சு அம்மா அடையாளம் சொன்னவ. அண்டைக்குப் படிச்சதுதான், ஐயா. மேற்கு கறுத்தால் நான் கயிறு அவிழ்க்கிறேல்லை. ஆர் வந்து ஏசினாலும் அவிழ்க்கிறேல்லை. கடலிலை தோத்தவர் வந்து பாடம் சொல்லுறேல்லை. கரையிலை நிண்டவைதான் படிக்கவேணும்.”

எனக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. மார்க்கண்டர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

“உம்மடை தகப்பன் சபை ஊழியரோ?”

“இல்லை, ஐயா. அப்ப சபை இல்லை.”

“அப்ப அது கடமைத் தோல்வியாகாது.”

“அது மட்டுமில்லை,” என்றார் தலைவர். “ஒருவருடைய தோல்வியை இன்னொருவர் தன்னுடையதெண்டு காட்டேலாது. சுற்றறிக்கையிலை தெளிவாக் கிடக்கு. உம்மிலை எனக்கு இரக்கம் இருக்கு. ஒரு மாதத் தவணை தாறன். அதுக்குள்ளை தோத்திட்டு வாரும்.”

“எப்பிடி ஐயா?”

“முயற்சி செய்யும்!”

மார்க்கண்டர் உதவிக்கு வந்தார். அவரிடம் இரக்கத்துக்கும் வரைபடம் இருந்தது. அனலைதீவுக்குப் போகும் வழியில் ஒரு சேற்றுத்திடல் உண்டு. வைகாசியில் தண்ணீர் இறங்கியிருக்கும். வழக்கமான பயணத்தில் லோஞ்சைக் கொஞ்சம் வலப்பக்கம் விட்டால் பூப்போலத் தரை தட்டும். ஆருக்கும் ஒன்றும் ஆகாது. வரைபடத்தில் அந்த இடத்தில் புள்ளடி போட்டுக் கொடுத்தார். பயணிகளை இறக்கிவிட்டு வெறும் லோஞ்சைத் தட்டலாமோ என்று பஸ்ரியாம்பிள்ளை கேட்டார். தலைவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

“பயணிகள் கஷ்டப்படாத தோல்வியை இந்தச் சபை தோல்வியெண்டு ஏற்காது.”

ஆகவே பயணிகளிடம் சம்மதம் வாங்கும் வேலை எனக்கு வந்தது. அதற்கு ஒரு படிவம், தோ.2. இருபத்துமூன்று பேர், ஒருவர்கூட மறுக்கவில்லை. அனலைதீவிலிருந்து வெங்காயமும் மரக்கறியும் கொண்டுவந்து சந்தையில் விற்கும் சீதேவி என்ற பெண் படிவத்தைப் பறித்து முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தாள்.

“எங்கடை தண்டயலுக்கு நிரந்தரம் கிடைக்குமெண்டால் நாங்கள் சேறு மிதிக்கமாட்டமே? இஞ்சினியர் கட்டின இறங்குதுறையாலை எங்களுக்கு அது நல்ல பழக்கம்!”

குறித்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டோம். படம் பிடிக்க ஒருவரைக் கூட்டிவந்திருந்தார்கள். மார்க்கண்டர் முன்னால் குடையோடு நின்றார். சாட்சி நான். திடல் கிட்ட வந்ததும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாரானார்கள். ஆண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்கள்.

பஸ்ரியாம்பிள்ளை சுக்கானை வலப்பக்கம் வளைத்தார். லோஞ்சு திடலை நோக்கிப் போனது. பத்து யார் இருக்கையில் அது தானாக இடப்பக்கம் திரும்பியது. அவர் திகைத்துப்போய்த் தன் கையைப் பார்த்தார். சுற்றி வந்து இரண்டாம் தரமும் போனார். மறுபடியும் அப்படியே.

“தட்டும் ஐயா, தட்டும்!” என்று மார்க்கண்டர் குடையை ஆட்டிக் கத்தினார்.

“தயங்காதையுங்கோ, தண்டயல்!” என்று சீதேவி சொன்னாள். “நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம்.”

மூன்றாம் தரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு விட்டார். அப்போதும் லோஞ்சு திடலை உரசாமல் விலகி ஆழத்தில் போய் நின்றது. அவர் சுக்கானில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். ஐம்பத்தைந்தைத் தொடுகிற மனிதன், இருபத்துமூன்று சனத்துக்கு முன்னால்.

“கை கேக்குதில்லை, தம்பி. ஆக்களை ஏத்தி வைச்சுக்கொண்டு என்னாலை ஏலாது.”

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. விடியப்புறம் எனக்கு மூளை வேலை செய்தது. சபை கொடுத்த கடமை தரை தட்டுவது. அதை அவர் மூன்று தரம் முயன்று மூன்று தரமும் தவறவிட்டார். மேலதிகாரி பக்கத்தில் நின்றார், படமும் இருக்கிறது. ஆக, மூன்று கடமைத் தோல்விகள்! தோ.1 படிவத்தை அப்படியே நிரப்பினேன். கற்ற பாடம் என்ன என்று அவரிடம் கேட்டேன். ‘சனத்தை வைத்து விளையாடக் கூடாது’ என்று எழுதச் சொன்னார்.

சபை இரண்டு மணித்தியாலம் விவாதித்தது. மார்க்கண்டர்கூட ஒரு கட்டத்தில் இளகினார். தலைவர்தான் இடம் கொடுக்கவில்லை.

“கனவான்களே, இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. இதை நாம் ஏற்றுக்கொண்டால், வேலையை ஒழுங்காகச் செய்கிற எவனும் நாளைக்குப் பதவி உயர்வு கேட்டு வந்து நிற்பான். பிறகு எங்கள் கதி என்ன?”

இதை நான் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தேன். அவர் வாசித்துப் பார்த்து, திருத்தமில்லாமல் ஒப்பமும் வைத்தார்.

ஆடியில் பஸ்ரியாம்பிள்ளை இறங்கினார். ஒரு தேத்தண்ணிகூட யாரும் வைக்கவில்லை. தன் வத்தைத் தோணியைப் பழுதுபார்த்துக்கொண்டு மீன்பிடிக்குத் திரும்பினார். சுக்கானைக் கதிர்காமு பிடித்தான். கூடவே இன்னொரு சுற்றறிக்கை வந்தது. காற்று, மழை என்று சாட்டுச் சொல்லி லோஞ்சை நிறுத்துவது தோல்விக்குப் பயப்படும் மனநிலை. இனிமேல் அதைத் தண்டயல் தீர்மானிக்க முடியாது. துறைமேசையில் இருக்கும் இலிகிதர் எழுத்தில் காரணம் காட்டி, தலைவரின் அனுமதி பெற்றுத்தான் நிறுத்தலாம். துறைமேசை இலிகிதர் நான்.

ஐப்பசியில் சபை தோல்வி வாரம் கொண்டாடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி, கோலப் போட்டி, கடைசி நாள் கொழும்பிலிருந்து அதிதி. பின்னேரம் மேல்மாடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் தலைவர் பேசுவது கீழே எனக்குக் கேட்டது. லோஞ்சில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். கதிர்காமு என் மேசைக்கு வந்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனை யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

“அண்ணை, மேற்கு கறுக்குது. என்ன செய்ய?”

பார்த்தேன். அடியிலிருந்து ஏறி வந்த கறுப்பு. காற்று அடியோடு விழுந்திருந்தது. எனக்குக் கடல் தெரியாது, ஆனால் பஸ்ரியாம்பிள்ளை சொன்னதை என் கையாலேயே எழுதி வைத்தவன் நான். அந்தக் கட்டடத்தில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். செய்யவேண்டியது ஒன்றே. ஒரு துண்டில் காரணம் எழுதி, பதினைந்து படி ஏறி, கொழும்பு அதிதியின் முன்னால் தலைவரின் பேச்சை இடைமறித்து நீட்டவேண்டும்.

பதினைந்து படி. நான் ஏறவில்லை. தலைவர் எப்படிப் பார்ப்பார், என் கோவையில் என்ன எழுதுவார்கள் என்று கணக்குப் பார்த்தேன். புறப்பாட்டுக் கொப்பியில் சீல் குத்தி, நேரத்தையும் எழுதினேன்.

லோஞ்சு போய்க் கொஞ்ச நேரத்தில் பஸ்ரியாம்பிள்ளை கரையோரமாக ஓடி வந்தார்.

“தம்பி, மேற்கைப் பாத்தனீரோ?”

“பாத்தனான், அண்ணை.”

“லோஞ்சு எங்கை?”

“போட்டுது. சீல் குத்தியாச்சு.”

அவர் திரும்பி வத்தைக்கு ஓடினார்.

கவிழ்ந்த லோஞ்சில் இருபத்திரண்டு பேர். கதிர்காமுவையும் சேர்த்துப் பதினேழு பேரை அவர் கொண்டுவந்தார். ஐந்து பேர் போய்விட்டார்கள். சீதேவியை அடுத்த நாள் எடுத்தார்கள். மரக்கறிக் கடகத்தின் கயிறு கையில் சுற்றியபடி இருந்தது.

அனுதாபக் கூட்டத்தில் தலைவரின் பேச்சை நான் முழுமையாகத் தரவேண்டியதில்லை. “இந்தச் சபையின் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய பாடத்தை நாம் கற்றதில்லை” என்று தொடங்கினார், “இறந்தவர்களுக்கு நாம் நன்றியுடையவர்கள்” என்று முடித்தார். கதிர்காமுவைப் பயிற்சி அதிகாரியாக்கினார்கள். தனக்கு வேண்டாம், கடலைப் பார்க்கவே ஏலாது என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அதையும் அவனுடைய அடக்கம் என்று குறிப்பில் எழுதச் சொன்னார்கள்.

இரண்டு கிழமையில் மார்க்கண்டர் ஒன்றைக் கண்டுபிடித்தார். பஸ்ரியாம்பிள்ளைக்கு இப்போது தகுதி வந்துவிட்டது! இருபத்திரண்டு பேரைக் காப்பாற்றப் போய் ஐந்து பேரைக் காப்பாற்றத் தவறியிருக்கிறார். மூன்றுதான் தேவை, இவரிடம் ஐந்து. அன்றைய தினத்துக்கு அவரைப் பின்தேதியிட்டு ஊழியராக்கிவிட்டால் கடமைத் தோல்வியாகவும் ஆகிவிடும். கொழும்பு மறுபடியும் விளக்கம் கேட்டிருந்தது. ஐந்து சாவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. நிரந்தர நியமனக் கடிதத்தையும் நிரப்பின தோ.1 படிவத்தையும் எடுத்துக்கொண்டு நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

“அஞ்சு பேரை விட்டது நானோ?”

“அப்பிடித்தான் எழுதியிருக்கு, அண்ணை.”

“எழுதினது ஆர்?”

“நான்.”

“சீல் குத்தினதும் நீர்தானே?”

உள்ளேயிருந்து வந்த ஞானசவுந்தரி கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினா. கிழிப்பா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. என் சேட்டுப் பொக்கற்றுக்குள் மடித்து வைத்தா.

“இதைக் கொண்டுபோய் அவையளிட்டைக் குடும். என்ரை மனுசன் தற்காலிகமாவே இருந்திட்டுச் சாகட்டும்.”

அன்று பின்னேரம் நான் எனக்காக ஒரு தோ.1 எடுத்தேன். பதினைந்து படிகளைப் பற்றி எழுதினேன். கறுப்பைப் பார்த்ததையும், பயந்ததையும், சீல் குத்தின நேரத்தையும் எழுதினேன். ஐந்து பேரின் பெயரையும் எழுதினேன். என்னை வேலையால் நிற்பாட்ட வேண்டும், பொலிசில் கொடுக்க வேண்டும் என்று கீழே கேட்டு ஒப்பம் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதின ஒரே உண்மையான கடிதம் அது.

அதைத் தலைவர் கூட்டத்தில் நின்றபடி வாசித்தார். பாதியில் குரல் தழுதழுத்தது. சபை பிறந்த நாள் முதல் இப்படியொரு படிவம் வந்ததில்லை என்றார். எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். அதிபர்கூட விழித்திருந்தார். அடுத்த மாதம் என்னைப் பிரதம இலிகிதராக்கினார்கள். பஸ்ரியாம்பிள்ளையின் மனுசி செய்ததை நானும் செய்திருக்கலாம். மனதுக்குள் அதைச் சொல்லிச் சொல்லித்தான் பதவியை ஏற்றுக்கொண்டேன்.

புதுப் பதவியில் முதல் வேலை, இறந்தவர்களின் வீடுகளுக்குத் தோ.4 படிவம் கொண்டுபோவது. அனலைதீவில் சீதேவியின் மகள் நாகபூசணி படலையடியில் நின்று அதை வாங்கினாள். பத்தொன்பது வயதிருக்கும். ஆறுதலாக வாசித்தாள்.

“கற்ற பாடம் எண்டு போட்டிருக்கு. ஆர் கற்றது? அம்மாவோ?”

“உறவினர் எழுதவேணும், பிள்ளை.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “கறுப்பைக் கண்டுகொண்டு சீல் குத்தினது நீங்களாம். கதிர்காமு வந்து அழுது சொன்னவன்.”

“ஓம்.”

“உங்களை என்ன செய்தவை?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பிரதம இலிகிதர் ஆக்கினவை,” என்றேன்.

“அப்ப பாடம் எண்ட இடத்திலை அதை எழுதிக்கொண்டு போங்கோ,” என்று படிவத்தைத் திருப்பித் தந்தாள்.